‘இல்லை’ என்ற சொல்லே இல்லாத பக்கங்கள்

பெரியம்மாவுக்கு 81 வயது. போன வருடம் சித்திரையில் கும்பகோணம் போயிருந்தபோது, பரணில் இருந்த நான்கு அட்டைப்பெட்டிகளை இறக்கச் சொன்னார். உள்ளே இருந்தவை பெரியப்பா பைண்டு செய்து வைத்திருந்த மாத இதழ்த் தொகுப்புகள். 1961 முதல் 1978 வரை ஆண்டுக்கு ஒன்று, மொத்தம் 18. ஊரிலேயே ஒரு சின்ன அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த இதழ் அது. பெரியப்பா அந்த அச்சகத்தில் கணக்கும் பார்த்தார், புரூஃபும் பார்த்தார்.

“கல்யாணமாகி வந்த புதுசுல நான் ஒரு கதை எழுதினேன்ப்பா. இதுலதான் வந்துது. எந்த வருஷம்னு ஞாபகம் இல்ல. ஒரு தடவை பாத்துட்டாப் போதும்” என்றார்.

புரட்டிப் பார்த்துவிடலாமே என்றுதான் முதலில் நினைத்தேன். முதல் தொகுப்பைத் திறந்ததுமே காகித விளிம்பு அப்பளம் போல நொறுங்கியது. பொருளடக்கம் மேலட்டையின் உட்பக்கத்தில் இருந்திருக்கிறது. பைண்டு செய்தவர் அட்டைகளையெல்லாம் கிழித்துவிட்டுக் கட்டியிருந்தார். மாதம் 32 பக்கம் என்றால் மொத்தம் கிட்டத்தட்ட 7,000 பக்கங்கள். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறைதான் புரட்டலாம், அந்த ஒரு முறையில் படம் எடுத்துவிட வேண்டும், பிறகு தேடுவதெல்லாம் கணினியில் என்று முடிவு செய்தேன். அதற்கு எட்டு மாதம் ஆனது. அதில் முதல் இரண்டு மாத உழைப்பு முழுக்க வீண். வேறு யாருக்கும் அப்படி ஆகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தேடக்கூடிய பிடிஎஃப் என்று சொல்கிறோமே, அதில் இரண்டு அடுக்கு இருக்கும். நம் கண்ணுக்குத் தெரிவது பக்கத்தின் படம். அதற்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், எழுத்துணரி மென்பொருள் அந்தப் படத்தைப் பார்த்துப் படித்த எழுத்துகள் இருக்கும். நாம் தேடுவது அடியில் உள்ள எழுத்துகளில். படிப்பது மேலே உள்ள படத்தை. எழுத்துணரி எதைத் தப்பாகப் படித்தாலும் படம் அப்படியே இருக்கும். அதனால் படம் சரியாக இருந்துவிட்டால் மற்றதை என்றைக்கு வேண்டுமானாலும் மறுபடி செய்துகொள்ளலாம். எனக்கு அது புரிந்தது இரண்டு மாதம் கழித்துத்தான்.

தொடக்கத்தில் போனில் ஒரு ஸ்கேன் செயலியைப் போட்டு, கறுப்பு-வெள்ளை வடிகட்டியோடு படம் எடுத்தேன். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. மஞ்சள் பூத்த காகிதம் பளிச்சென்று வெளுத்து, எழுத்து கன்னங்கரேலென்று இருந்தது. மூன்று தொகுப்பு முடித்த பிறகு ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாதிப் புள்ளிகளைக் காணவில்லை. மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் அந்தச் சின்னப் புள்ளி, பழைய மையில் ஏற்கெனவே மங்கிப் போயிருந்தது. வடிகட்டி அதைக் காகிதத்தின் நிறமாக எண்ணி அழித்துவிட்டது. ‘பட்டம்’ என்பது ‘படடம’ என்று ஆகிவிட்டால் எந்த மென்பொருளுக்கும் அதைத் திருப்பிக் கொண்டுவர வழி கிடையாது. ஆங்கிலப் பக்கத்தில் தூசி நீக்கும் வசதியால் போவது பெரும்பாலும் தூசிதான். தமிழில் முதலில் போவது புள்ளி. அதனால் என் முதல் பாடம்: கறுப்பு-வெள்ளை வேண்டாம், சாம்பல் நிறத்திலோ வண்ணத்திலோ எடுங்கள். தூசி நீக்கும் வசதி எந்த மென்பொருளில் இருந்தாலும் முதலில் அதை நிறுத்திவிடுங்கள்.

நடுவில் ஒரு கடையில் இரண்டு தொகுப்பைக் கொடுத்து ஸ்கேன் செய்து வாங்கினேன். கோப்பு கையடக்கமாக இருந்தது, அதுதான் சிக்கலே. அங்குலத்துக்கு 150 புள்ளி வீதம் எடுத்து, மேலும் அழுத்திச் சுருக்கியிருந்தார்கள். எழுத்தின் ஓரமெல்லாம் புகை படிந்த மாதிரி. அச்சு எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 300 டிபிஐ வேண்டும், சின்ன எழுத்து என்றால் 400 நல்லது. கடையில் கொடுப்பதானால் இதை வாயால் சொல்லாமல் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுக்கச் சொல்லி, அதைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு மிச்சத்தைக் கொடுங்கள்.

கடைசியில் பெரியம்மா வீட்டுக் கூடத்திலேயே ஏற்பாடு செய்தேன். போனை நேர் கீழே பார்க்கும்படி ஒரு தாங்கி, இரண்டு பக்கமும் சாய்வாக இரண்டு எல்இடி விளக்கு. பிளாஷ் கூடவே கூடாது, நடுவில் வெள்ளைத் திட்டு விழும். பக்கத்தின் மேல் ஒரு கண்ணாடியை லேசாக வைத்தால் தைத்த இடத்தின் வளைவு குறையும். விளக்கு சாய்வாக இருந்தால் கண்ணாடியில் அதன் பிம்பம் விழாது. 12 மெகாபிக்சல் படத்தில் நீளவாக்கில் 4,000 புள்ளிகள். எங்கள் இதழின் உயரம் 24 சென்டிமீட்டர். ஓரம் விட்டு எடுத்தாலும் அங்குலத்துக்கு 350க்குக் குறையவில்லை. அப்புறம், இது யாரோ சொல்லி நான் கேட்டது, உங்களுக்கும் சொல்கிறேன்: எடுக்கும் தாளுக்கு அடியில் ஒரு கறுப்புக் காகிதம் வையுங்கள். மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து நிழலாடுமே, அது பெருமளவு அடங்கிவிடும். எழுத்துணரி அந்த நிழலையும் எழுத்தாகப் படிக்கப் பார்க்கும்.

பெரியம்மா எதிரில் உட்கார்ந்து தாள் புரட்டினார். என்னைவிட மென்மையாக அவர் கைக்கு வந்தது. ஒரு நாளைக்கு 150 பக்கம் ஓடியது. கோப்புக்குப் பெயர் வைப்பதை முதல் நாளே ஒழுங்கு செய்துகொண்டோம்: ஆண்டு, மாதம், பக்கம், எல்லாமே எண்ணில், சைபர் சேர்த்து. 1967-03-012 என்றால் 1967 மார்ச், 12ஆம் பக்கம். மாதத்தைச் சொல்லில் எழுதினாலோ 12 என்று மொட்டையாக எழுதினாலோ கணினி வரிசையைக் குலைத்துவிடும்.

படங்களைச் சீர்செய்ய ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். விரித்த இரண்டு பக்கங்களைப் பிரிக்கும், சாய்வை நிமிர்த்தும், ஓரத்தை வெட்டும். போன் படங்களைக் கொடுத்தால் முதலில் டிபிஐயைத் திருத்தச் சொல்லிக் கேட்கும். போன் தன் படத்துக்குள் பெரும்பாலும் 72 என்று எழுதி வைத்திருக்கும், அதற்கும் உண்மையான அளவுக்கும் சம்பந்தமில்லை. அளந்து கணக்கிட்ட எண்ணைக் கொடுங்கள். வெளியீட்டை மட்டும் சாம்பல் நிறத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அது கறுப்பு-வெள்ளையில் தர ஆசைப்படும்.

இனி படிக்கும் வேலை. நான் எடுத்துக்கொண்டது டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரி. எச்.பி. நிறுவனத்தில் 1985 வாக்கில் தொடங்கிய மென்பொருள், 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது, அடுத்த ஆண்டிலிருந்து கூகுள் ஆதரவில் வளர்ந்தது. 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து அது எழுத்து எழுத்தாக வெட்டிப் பார்க்காமல் ஒரு வரியை மொத்தமாகப் படிக்கிறது. தமிழுக்கு இதனால் நல்ல பயன். ஆனால் வரி வளைந்திருந்தால் அந்த வரியே போய்விடும். கண்ணாடி வைத்தும் சாய்வு நிமிர்த்தியும் பாடுபட்டது இதற்காகத்தான். டெசராக்டை நேரடியாக ஓட்டாமல் ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற இன்னொரு இலவசக் கருவி வழியாக ஓட்டினேன். படங்களை ஒன்றாகக் கட்டிய பிடிஎஃப் ஒன்றைக் கொடுத்தால், அடியில் எழுத்தடுக்கு சேர்த்துத் திருப்பித் தரும். கூடவே எழுத்தை மட்டும் தனி உரைக்கோப்பாகவும் கேட்டு வாங்கலாம். கட்டாயம் வாங்குங்கள், பிறகு அதுதான் கைகொடுக்கும். மாலையில் ஒரு தொகுப்பைக் கொடுத்துவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும்.

இங்கே மூன்று இடத்தில் சறுக்கினேன். டெசராக்டுக்கு மொழிக்கோப்பு தனியாகச் சேர்க்க வேண்டும். வழக்கமாக நிறுவும்போது வருவது வேகமான கோப்பு. ‘சிறந்தது’ என்று இன்னொன்று தனியே கிடைக்கும், மெதுவாக ஓடினாலும் எங்கள் பக்கங்களில் நன்றாகவே படித்தது. இரண்டாவது, எதற்கும் இருக்கட்டும் என்று தமிழோடு ஆங்கிலத்தையும் சேர்த்துவிட்டேன். மங்கலான இடத்தில் ப என்பதை ஆங்கில யூ என்றும், ட என்பதை எல் என்றும் படித்து வைத்தது. சுத்தத் தமிழ்ப் பக்கம் என்றால் தமிழ் மட்டும் போதும். மூன்றாவது, கடையில் வாங்கிய பிடிஎஃப்களில் ஏற்கெனவே ஏதோ ஒரு எழுத்தடுக்கு இருந்தது, ஆங்கிலம் என்று நினைத்துப் படித்த குப்பை. அது இருந்தால் கருவி ‘ஏற்கெனவே எழுத்து உண்டு’ என்று நின்றுவிடும். பழையதைத் தள்ளிவிட்டுப் புதிதாகப் படி என்று சொல்ல வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பிடிஎஃப்கள் உங்களிடம் இருந்தால், அவற்றுக்கும் இதே வழி. திரையில் தமிழாகத் தெரியும், நகலெடுத்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டும். அதையும் படமாக்கி மறுபடி படிக்க வைத்துவிடலாம்.

எல்லாம் முடிந்தது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தேட உட்கார்ந்தோம். பெரியம்மாவின் பெயரைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. பெயரின் பாதியைப் போட்டேன், அப்போதும் வரவில்லை. அவர் முகம் சுருங்கியது. “அப்ப வராமலே போயிருக்குமோ” என்றார். எனக்குச் சந்தேகமாக இருந்ததால் சோதித்துப் பார்க்க ‘இல்லை’ என்று தேடினேன். 1961 தொகுப்பு முழுக்க, 384 பக்கத்தில், ‘இல்லை’ என்ற சொல் பதினோரு இடத்தில்தான் இருந்தது. தமிழில் அப்படி ஒரு புத்தகம் இருக்க முடியுமா?

காரணம் பழைய எழுத்து. பெரியார் 1935இலேயே தம் இதழ்களில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை, அவருடைய நூற்றாண்டை ஒட்டி 1978இல்தான் தமிழக அரசு ஆணையாக்கியது. அதுவரை பெரும்பாலான அச்சகங்களில் ணை, லை, ளை, னை எல்லாம் எழுத்தின் முன்னால் தும்பிக்கை போல ஒரு வளைவோடு இருக்கும். ணா, றா, னா மூன்றும் கால் போடாமல் எழுத்தோடு சுழித்து இருக்கும். அவற்றின் ஒகர ஓகார வடிவங்களையும் சேர்த்தால் 13 எழுத்துகள். இன்றைய எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் அவை கிடையாது என்பதால் டெசராக்டுக்கு அவற்றோடு பழக்கம் இல்லை. எங்கள் பக்கங்களில் லை வரும் இடத்தில் சில நேரம் ல மட்டும் நின்றது, சில நேரம் வேறு ஏதோ எழுத்து. இல்லை, வேலை, தலை, வெள்ளை, தென்னை, மன்னார்குடி, கண்ணாடி எல்லாம் போயிற்று. பெரியம்மாவின் பெயர் நடுவிலும் ஒரு லை இருக்கிறது.

பெரியம்மா இன்னொன்றையும் சொன்னார். “எழுத்து தீந்துபோச்சுன்னா வேற கேஸ்லேர்ந்து எடுத்துப் போடுவாங்கப்பா. பெரியப்பா அதுக்காகச் சத்தம் போடுவார்.” கேஸ் என்பது ஈய எழுத்துகளைப் பிரித்துப் போட்டு வைக்கும் பெட்டி. பெரிதாக்கிப் பார்த்தால், ஒரே வரியில் இரண்டு விதமான லை. எழுத்துணரி ஏன் ஒரே சொல்லை இரண்டு விதமாகப் படித்தது என்பது அப்போது விளங்கியது. 1978க்கு முந்தைய எதையாவது நீங்கள் எடுத்துச் செய்வதாக இருந்தால், முதல் பத்துப் பக்கம் முடிந்ததும் ‘இல்லை’ என்று தேடிப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாவது வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

டெசராக்டுக்குப் பழைய எழுத்தைப் பயிற்றுவிக்க முடியும். வரிவரியாகப் படமும் சரியான எழுத்தும் தயாரித்துக் கொடுக்க வேண்டும். எனக்கு வேண்டியது தேடிக் கண்டுபிடிக்கும் வசதிதான், அச்சுக்குப் போகும் உரை வேண்டியதில்லை என்பதால் வேறு வழியில் போனேன். அதே படங்களை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தேன். படத்தின் கீழே எழுத்து வந்து நிற்கும். படம் 2 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்பதால் சுருக்கிய நகல்களை ஏற்றினேன். பழைய லை, னை இரண்டையும் அது பெரும்பாலும் சரியாகவே படித்தது. ஆனால் இரண்டு பத்தியாக இருக்கும் பக்கத்தில் இடமும் வலமும் கலந்துவிட்டது, விளம்பரக் கட்டங்கள் கதைக்கு நடுவில் புகுந்தன. டெசராக்ட் பத்திகளைச் சரியாகப் பிரித்தது, எழுத்தில் தடுமாறியது. சரி, இரண்டையும் வைத்துக்கொள்வோம் என்று ஒவ்வொரு இதழுக்கும் இரண்டு உரைக்கோப்பு வைத்து, இரண்டிலும் சேர்த்துத் தேடினேன். ஒன்று தவறவிட்டதை மற்றது பிடித்தது. இந்த எட்டு மாதத்தில் எனக்கு அதிகம் உதவிய முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் வீட்டுப் பத்திரம், ஆதார், மருத்துவக் காகிதம் போன்றவற்றை இப்படி இணையத்தில் ஏற்ற வேண்டாம். அவற்றுக்குச் சொந்தக் கணினியில் ஓடும் டெசராக்டே போதும்.

ஒரு பெரிய தப்பையும் சொல்லிவிடுகிறேன். டெசராக்ட் கோப்புகளில் ‘இல்ல’ என்று நின்றதையெல்லாம் ஒரே அழுத்தில் ‘இல்லை’ என்று மாற்றினேன். ‘இல்லம்’, ‘இல்லறம்’, ‘இல்லாமல்’ எல்லாம் சிதைந்தன. நல்ல வேளையாக மூலக்கோப்பு இன்னொரு வட்டில் இருந்தது. மென்பொருள் கொடுத்த முதல் உரையைத் தொடவே கூடாது. திருத்துவதெல்லாம் நகலில்தான்.

தமிழில் தேடுவதே தனிப் பழக்கம். ‘கிணறு’ என்று தேடினால் ‘கிணற்றில்’ வராது. ‘மரம்’ என்றால் ‘மரத்தடி’ வராது. மாறாத முன்பகுதியை மட்டும் போட வேண்டும்: ‘கிண’, ‘மர’. ர என்ற எழுத்தும் துணைக்காலும் பழைய அச்சில் ஒன்றுபோலவே இருப்பதால், கால் வரும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிடுவது நல்லது. கண்ணுக்கே தெரியாத சிக்கலும் ஒன்று உண்டு. ‘கொ’ என்பதை ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், இரண்டு விதமாகச் சேமிக்கலாம், ஒற்றைக் குறியாகவும், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தேடினால் ஒன்று மற்றதைக் காட்டாமல் போகலாம். ஸ்ரீ என்ற எழுத்துக்கும் இதேபோல இரண்டு வடிவம் உண்டு. உரைக்கோப்புகளை என்எஃப்சி என்ற சீர்முறைக்கு மாற்றினால் கொ, கோ சரியாகிவிடும். ஸ்ரீயைத் தனியாக மாற்ற வேண்டும். ஸ்ரீ என்று தொடங்கும் பெயர்கள் எங்கள் இதழில் ஏராளம்.

பிடிஎஃப் காட்டும் செயலிகளில் தமிழ்த் தேடலை நான் முழுதாக நம்புவதில்லை, சில செயலிகள் சொல்லை நடுவில் உடைத்துவிடுகின்றன. உரைக்கோப்பில் தேடி, பக்க எண்ணைப் பார்த்து, அந்தப் படத்தைத் திறப்பதுதான் நிச்சயமான வழி. எழுத்தைத் திருத்துவதையும் ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டேன். ஒரு பக்கத்தை முழுக்கத் திருத்த இருபது நிமிடம் ஆகிறது. 7,000 பக்கத்துக்கு அது நடக்காது. அதனால் தலைப்பு, எழுதியவர், மாதம், பக்கம் இந்த நான்கை மட்டும் கையால் ஒரு விரிதாளில் தட்டினேன். பைண்டு செய்தவர் கிழித்துப் போட்ட பொருளடக்கம் அப்படித்தான் மெல்லத் திரும்பி வந்தது.

தொகுப்புகளுக்கு நடுவே வாசகர்கள் எழுதிய கடிதங்கள் சில செருகி இருந்தன. கையெழுத்துக்கு டெசராக்ட் ஆகாது. பெரியம்மா அவற்றை வாய்விட்டுப் படித்தார், போனில் தமிழ்க் குரல் தட்டச்சு அதை எழுதிக்கொண்டது. அந்தக் காலத்துக் கூட்டெழுத்தை அவரால்தான் படிக்க முடிந்தது. உங்கள் வீட்டிலும் கையெழுத்துக் காகிதங்கள் இருந்தால், அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே உட்கார வையுங்கள்.

இதையெல்லாம் விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் ஏற்றலாமே என்று நண்பர் கேட்டார். இந்தியாவில் எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை அவருடைய எழுத்துக்குக் காப்புரிமை உண்டு. அந்த இதழில் எழுதிய பலர் யார், எப்போது மறைந்தார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது. அதனால் இப்போதைக்கு வீட்டோடு இருக்கிறது. மூன்று நகல்: கணினியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, அக்கா வீட்டில் ஒன்று.

கதை கிடைத்தது தை மாதத்தில். அதற்குள் விரிதாள் 1966 வரைதான் வந்திருந்தது. பொறுமை இல்லாமல், கதையில் என்ன வரும் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். “ஒரு பித்தளை மரக்கால்தான் கதையே” என்றார். மரக்கால் என்பது நெல் அளக்கும் பாத்திரம். பித்தளையில் ளை இருக்கிறது, அதனால் மரக்காலைப் பிடித்தேன். அதிலும் காலுக்கு முன்பே நிறுத்தி, ‘மரக்க’ என்று தேடினேன். 63 இடங்கள் வந்தன. மரக்கட்டை, மரக்கிளை, மரக்கலம் என்று ஒவ்வொன்றாக வரியைப் படித்துக் கழித்துக்கொண்டே போனால், 1969 ஜனவரி, பொங்கல் இதழ், 19ஆம் பக்கம். எழுதியவர் பெயரை இரண்டு எழுத்துணரியுமே தப்பாகப் படித்திருந்தன. அலங்கார எழுத்தில், ஒரு பூங்கொடிக்கு நடுவில் அச்சடித்திருந்தார்கள்.

படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். கால் மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இது நான் எழுதினது இல்ல. ரெண்டு பதக்குன்னு எழுதியிருந்தேன். ரெண்டு படின்னு போட்டிருக்கு. ரெண்டு படி நெல்லுக்கு யாராவது அவ்வளவு தூரம் நடப்பாங்களா?” பதக்கு என்பது படியைவிடப் பல மடங்கு பெரிய பழைய அளவு. பெரியம்மா கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்தார். “அந்த மாசம் புரூஃப் பாத்தது உங்க பெரியப்பாதான்.”

“மாத்த முடியுமா?” என்று கேட்டார். படத்தை மாற்ற மாட்டேன், அது அச்சில் வந்தபடியே இருக்கட்டும் என்றேன். திருத்திய உரையின் நகலைத் திறந்து, ‘படி’க்குப் பக்கத்தில் பகர அடைப்புக்குள் ‘பதக்கு’ என்று தட்டினேன். எழுத்து சரிதானா என்று குனிந்து பார்த்தார். பிறகு தேடல் கட்டத்தில் தானே ஒவ்வொரு விசையாக அழுத்தி ‘பதக்கு’ என்று போட்டார். அந்தப் பக்கம் வந்தது.